ஓர் எழுத்தாளரின் ஆண்டுக்குறிப்பைத் தயாரிப்பது எப்படி? வோலே தலாபியை முன்வைத்து ஒரு செய்முறை

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் கூடும். அன்று யாருடைய கதையைப் பேசுகிறோமோ அவரைப் பற்றி நான்கு பக்கத் துண்டுத்தாள் ஒன்று வருகிறவர்களுக்குக் கொடுப்போம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம், அறுபது பிரதி, செலவு வட்டத்தின் உண்டியலிலிருந்து. 27 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள் என்பதால் அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிறர் எழுத்தில் பிழை பிடிப்பது சுலபம். என் பெயர் போட்டு வந்த முதல் தாளிலேயே நான் பிடிபட்டேன்.

அந்த மாதம் நைஜீரிய எழுத்தாளரும் தொகுப்பாசிரியருமான வோலே தலாபியின் கதைகள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "2018ஆம் ஆண்டு கெய்ன் பரிசு வென்ற" என்று போட்டிருந்தேன். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அம்மா, அந்த ஆண்டுப் பரிசு கென்யாவின் மகேனா ஒன்ஜெரிகாவுக்கு அல்லவா போனது?" என்று கேட்டார். உண்மைதான். ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் சிறுகதைக்கான அந்தப் பரிசின் அந்த ஆண்டு ஐந்து பேர் கொண்ட இறுதிப் பட்டியலில் தலாபி இருந்தார், அவ்வளவுதான். அறுபது தாளிலும் "வென்ற" என்பதை நீல மையால் அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது; அது இரண்டாம் பக்கத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஆப்பிரிக்க ஊகப் புனைவு எழுதுகிறவர்கள், குறிப்பாக எழுத்தும் தொகுப்புப் பணியும் சேர்ந்தே செய்கிறவர்கள், யாரைப் பற்றிக் குறிப்பு எழுதுவதானாலும் இது உதவும். அறிபுனை, மிகுபுனைவு, திகில் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதற்குத்தான் ஊகப் புனைவு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். உங்கள் ஊரில் வேறு சொல் புழங்கினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதைக்கு மூன்று ஆண்டுகள்

பள்ளிக்கூடக் கோடுபோட்ட நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு வரி. வரியின் வலப்பக்கம் மூன்று கட்டங்கள்: கதை வெளியான ஆண்டு, விருதின் பெயரில் ஒட்டியிருக்கும் ஆண்டு, விருது மேடையேறிய ஆண்டு. மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் பெரும்பாலான குறிப்புகள் கெட்டுப்போகின்றன.

தலாபியின் "எ ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் மதர்ஸ்" என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் "ஆஃப்ரிக்கா ரைசன்" என்ற தொகை நூலில் வெளியானது. அறிபுனைக்கும் மிகுபுனைவுக்கும் கொடுக்கப்படும் இரண்டு பெரிய விருதுகளான நெபுலாவின் இறுதிப் பட்டியலுக்கும் போனது, ஹ்யூகோவின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. நெபுலாவில் ஆண்டின் பெயர் படைப்பு வெளியான ஆண்டைக் குறிக்கும். ஆகவே அது 2022ஆம் ஆண்டு நெபுலா. ஹ்யூகோவில் ஆண்டின் பெயர் விருது கொடுக்கும் ஆண்டைக் குறிக்கும். ஆகவே அது 2023ஆம் ஆண்டு ஹ்யூகோ. ஆனால் இரண்டு விழாவும் நடந்தது 2023இல்தான்: நெபுலா மே மாதம் அமெரிக்காவில், ஹ்யூகோ அக்டோபரில் சீனாவின் செங்டுவில். இதைக் கட்டத்தில் போடாமல் நேராக எழுத உட்கார்ந்தால், "2022இலும் 2023இலும் அடுத்தடுத்து இரண்டு கதைகள் பட்டியலுக்கு வந்தன" என்று கை தானாக எழுதிவிடும். நான் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது கிட்டத்தட்ட அதுதான். ஒரே கதையை இரண்டாக்கிவிட்டேன்.

மறுபதிப்பு வந்துவிட்டால் நான்காவது கட்டமும் வேண்டும். நைஜீரியப் பின்னணி கொண்ட பிரிட்டிஷ் எழுத்தாளர் டேட் தாம்ஸனின் "ரோஸ்வாட்டர்" நாவல் இதற்கு நல்ல பாடம். 2016இல் அமெரிக்காவின் சிறு பதிப்பகமான ஏபெக்ஸ் வெளியிட்டது. ஆப்பிரிக்க ஊகப் புனைவுக்கென்று 2017இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட நொம்மோ விருதுகளில் சிறந்த நாவலுக்கான விருதைப் பெற்றது. 2018இல் ஆர்பிட் என்ற பெரிய பதிப்பகம் மீண்டும் கொண்டுவந்தது. 2019இல் பிரிட்டனின் அறிபுனை நாவல் விருதான ஆர்தர் சி. கிளார்க் விருது. புத்தகம் ஒன்று, ஆண்டுகள் நான்கு. 2018 பதிப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர், "வெளிவருவதற்கு முன்பே விருது வாங்கிய நாவல்" என்று எழுதினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எந்த விருது எந்த ஆண்டைப் பெயராக வைத்துக்கொள்கிறது என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு முறை எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எந்த எழுத்தாளருக்கும் அதையே பார்த்துக்கொள்ளலாம்.

வினைச்சொல்லில் கை நடுங்க வேண்டும்

"வென்றார்", "பெற்றார்", "இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார்", "பரிந்துரைக்கப்பட்டார்". இந்த நான்கும் நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள். பின்னட்டை வாசகங்கள் இவற்றைக் குழப்புவதற்கென்றே எழுதப்படுகின்றன என்பது என் துணிபு. "பரிசுப் புகழ்" என்றொரு சொல் எங்கள் அச்சகத்துக்கு வரும் பின்னட்டைகளில் அடிக்கடி வரும். அது வென்றதா, வெல்லாததா என்று யாராலும் சொல்ல முடியாது.

தலாபி விஷயத்தில் நான் திருத்தி எழுதியது இப்படி. "தி ரெக்ரெஷன் டெஸ்ட்" என்ற சிறுகதை 2017இல் வெளியாகி, 2018ஆம் ஆண்டு நொம்மோ விருதில் சிறந்த சிறுகதையாக வென்றது. "இன்கம்ப்ளீட்னஸ் தியரீஸ்" 2019இல் வெளியாகி, 2020ஆம் ஆண்டு நொம்மோவில் சிறந்த குறுநாவலாக வென்றது. "வெட்னஸ்டேஸ் ஸ்டோரி" 2016இல் வெளியாகி, 2018 கெய்ன் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு நெபுலாவில் நாவல் பிரிவிலும் நாவலெட் பிரிவிலும் இரண்டு படைப்புகள் இறுதிப் பட்டியலில் இருந்தன, இரண்டும் வெல்லவில்லை. அந்த ஆண்டு நாவலுக்கான நெபுலா கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் "தி செயின்ட் ஆஃப் ப்ரைட் டோர்ஸ்" நாவலுக்குப் போனது. இந்தத் தகவல் தெரிந்ததும் வட்டத்தில் பாதிப்பேர் தலாபியை விட்டுவிட்டு சந்திரசேகரவைப் பேச ஆரம்பித்தது வேறு கதை.

விருதின் பெயரோடு நின்றுவிடாமல், அது என்ன விருது என்று அரை வரி சேர்த்துவிடுங்கள். கெய்ன் பரிசு 2000ஆம் ஆண்டிலிருந்து ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் ஆங்கிலச் சிறுகதைக்குக் கொடுக்கப்படுகிறது. பெயருக்குரிய மைக்கேல் கெய்ன் புக்கர் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். சினிமா நடிகர் வேறு. எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வியும் வந்தது, அதனால்தான் சொல்கிறேன். நொம்மோ என்பது மாலி நாட்டு டோகோன் மக்களின் மரபில் வரும், நீரோடு தொடர்புடைய மூதாதை உயிர்களின் பெயர். 2016இல் தொடங்கிய ஆப்பிரிக்க ஊகப் புனைவுச் சங்கத்தின் உறுப்பினர்கள், அதாவது எழுத்தாளர்களும் தொகுப்பாளர்களும் ஓவியர்களும் பதிப்பாளர்களுமே, வாக்களித்துத் தேர்வுசெய்கிறார்கள். அறிபுனைக்கு இடம் கிடைப்பது கெய்ன் போன்ற பரிசில் அபூர்வம். சகாக்களே வாக்களிக்கும் நொம்மோவில் கிடைப்பதற்கும் கெய்ன் பட்டியலில் கிடைப்பதற்கும் எடை வேறு. இரண்டும் ஒரே ஆண்டில், 2018இல், ஒருவருக்கு அமைந்தது என்பதுதான் அந்தத் தாளில் முதல் பக்கத்துக்கு உரிய செய்தி. "வென்ற" என்று பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

நீளப் பிரிவு பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. நெபுலா, ஹ்யூகோ கணக்கில் 7,500 சொல்லுக்குக் குறைந்தது சிறுகதை. 7,500 முதல் 17,500 வரை நாவலெட். அதற்கு மேல் 40,000 வரை நாவெல்லா. அதையும் தாண்டினால் நாவல். தமிழில் நடு இரண்டையும் "குறுநாவல்" என்றே எழுதிப் பழகிவிட்டோம். நான் நாவெல்லாவுக்குக் குறுநாவல் என்றும் நாவலெட்டுக்கு நாவலெட் என்றுமே எழுதுகிறேன். அழகாக இல்லைதான். ஆனால் நொம்மோவில் குறுநாவலாக வென்றதும் ஹ்யூகோவில் நாவலெட்டாகப் பட்டியலில் வந்ததும் வேறு வேறு கதைகள் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

"தொகுப்பு" என்ற சொல்லோடு ஒரு சண்டை

நம் மொழியில் ஒருவர் தன் கதைகளைச் சேர்த்து வெளியிட்டாலும் "சிறுகதைத் தொகுப்பு". பத்துப் பேர் கதையை ஒருவர் தேர்ந்து வெளியிட்டாலும் "சிறுகதைத் தொகுப்பு". உள்ளூர் எழுத்தாளர்களைப் பற்றி எழுதும்போது ஆளைத் தெரியும் என்பதால் ஒப்பேறிவிடுகிறது. வெளிநாட்டு எழுத்தாளர் விஷயத்தில், அதுவும் எழுத்தாளரே தொகுப்பாசிரியராகவும் இருந்தால், ஒப்பேறாது.

தலாபியின் "இன்கம்ப்ளீட் சொல்யூஷன்ஸ்" (2019, ஸ்காட்லாந்தின் லூனா பிரஸ்), "கன்வெர்ஜன்ஸ் ப்ராப்ளம்ஸ்" (2024, டா புக்ஸ்) இரண்டும் அவருடைய சொந்தக் கதைகள். "தீஸ் வேர்ட்ஸ் எக்ஸ்போஸ் அஸ்" (2014), "லைட்ஸ் அவுட்: ரெஸரெக்ஷன்" (2016), "ஆஃப்ரிக்கன்ஃப்யூச்சரிசம்: ஆன் ஆந்தாலஜி" (2020), "மதர்சவுண்ட்" (2023) ஆகியவை பிறர் கதைகளை அவர் தேர்ந்து செப்பனிட்டுக் கொண்டுவந்தவை. எல்லாவற்றையும் "அவருடைய ஆறு தொகுப்புகள்" என்று எழுதினால் பிறருடைய கதைகளையெல்லாம் அவர் தலையில் கட்டியதாகிவிடும்.

நான் இப்போது செய்வது: தன் கதைகள் என்றால் "கதைத் தொகுதி", பிறர் கதைகள் என்றால் "தொகை நூல்". சங்க இலக்கியத்தை எட்டுத்தொகை என்று சொல்லி வளர்ந்தவர்களுக்குத் தொகை என்றதும் பல பேர் பாடல் என்று உடனே புரிந்துவிடும். நோட்டிலும் இடப்பக்கத் தாளில் எழுத்து, வலப்பக்கத் தாளில் தொகுப்புப் பணி என்று பிரித்துவிடுகிறேன். ஆண்டுகள் மட்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அப்போதுதான் ஒன்று இன்னொன்றை எப்படி இழுத்துவந்தது என்று தெரியும்.

வலப்பக்கத் தாளைச் சிறிதாக விடாதீர்கள்

குறிப்பு எழுதுகிறவர்கள் பொதுவாகச் செய்கிற தவறு, தொகுப்புப் பணியைக் கடைசி வரியில் "தொகுப்பாசிரியராகவும் இருக்கிறார்" என்று தள்ளிவிடுவது. ஆப்பிரிக்க ஊகப் புனைவில் இது நேர் தலைகீழான பார்வை. அங்கே கதவு திறந்தது பெரும்பாலும் தொகுப்பாளர்களால்.

2012இல் ஜிம்பாப்வேயின் ஐவர் ஹார்ட்மன் "ஆஃப்ரோஎஸ்எஃப்" என்ற தொகை நூலைக் கொண்டுவந்தார். ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் அறிபுனைக்கென்றே ஒரு நூல். 2014இல் நைஜீரியாவில் மாஸி நுவோன்வுவும் சினெலோ ஒன்வாலுவும் "ஓமெனானா" இதழைத் தொடங்கினார்கள். மேற்கத்திய இதழ் ஆசிரியருக்கு நைஜீரியாவின் யொரூபா மக்களின் தெய்வத்தையோ லாகோஸ் நகரப் போக்குவரத்தையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாத இடம் அப்படித்தான் அமைந்தது. தலாபி இரண்டு இடத்திலும் எழுதியிருக்கிறார்: ஆஃப்ரோஎஸ்எஃப்பின் மூன்றாவது நூலில் 2018இல் "ட்ரிஃப்ட்-ஃப்ளக்ஸ்", ஓமெனானாவில் 2019இல் "அபெயோகுட்டா52". பிறர் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே தானும் கூடம் கட்டியிருக்கிறார் என்பது இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது.

தலாபியின் 2020ஆம் ஆண்டு "ஆஃப்ரிக்கன்ஃப்யூச்சரிசம்" தொகை நூலுக்கு நான் துண்டுத்தாளில் அரைப் பக்கம் கொடுத்தேன். "பிரிட்டில் பேப்பர்" என்ற ஆப்பிரிக்க இலக்கிய இணைய இதழின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி வந்தது அது. எட்டுக் கதைகள். விலை இல்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். நைஜீரிய-அமெரிக்கரான நெடி ஒகோராஃபோர், ஜிம்பாப்வேயின் டி. எல். ஹூச்சு, உகாண்டாவின் டில்மன் டிலா, போட்ஸ்வானாவின் ட்லோட்லோ ட்சமாசே என்று ஒரே நூலில் பல நாடுகள். அடுத்த ஆண்டு, அமெரிக்க அறிபுனை இதழான லோகஸ் கொடுக்கும் விருதின் தொகை நூல் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. இலவசமாகக் கொடுத்த நூல் அது என்பதைக் குறிப்பில் எழுத மறக்காதீர்கள். எங்கள் வட்டத்தில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் மூன்று பேர் நூலைத் தேடிப் போனார்கள்.

"மதர்சவுண்ட்" வேறு மாதிரி. பல எழுத்தாளர்கள் கூடி ஒரு கற்பனை உலகத்தை முதலில் கட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொருவரும் அதற்குள் கதை எழுதியது. இரண்டு சூரியன்களைச் சுற்றும் ஐந்து கோள்கள். அங்கே மந்திரம் ஒலியில் இருக்கிறது. "சவூட்டி" என்ற அந்த உலகின் பெயரே ஸ்வாஹிலியில் குரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட நூலுக்குத் தொகுப்பாசிரியர் என்றால் கதை தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது. ஒருவர் கதையில் ஒரு கோளில் நடக்க முடியாதது இன்னொருவர் கதையில் அதே கோளில் நடந்துவிடாமல் பார்க்க வேண்டும். பல ஆசிரியர்கள் எழுதிய பாடநூலுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் பாடத்தில் இருக்கும் ஆறு ஏழாம் பாடத்தில் வேறு ஊர் வழியாக ஓடும். அதனால் இந்த வேலையின் மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்னொரு பணியை எந்த விருதுப் பட்டியலிலும் பார்க்க முடியாது. வெளியான ஆப்பிரிக்க ஊகப் புனைவுகளையெல்லாம் ஆண்டுவாரியாகத் திரட்டி ஒரு பட்டியலாகத் தலாபி பராமரித்துவந்தார். நொம்மோ கொடுக்கும் ஆப்பிரிக்க ஊகப் புனைவுச் சங்கம் அதை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தொழிலில் அவர் பொறியாளர், அந்தப் பட்டியலைப் பார்த்தால் அது தெரியும். உங்கள் குறிப்புக்கான எழுத்தாளர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவரானால், வெளியான ஆண்டுக் கட்டத்தை நிரப்பும்போது இந்தப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. விருதுகளின் ஆண்டை அந்தந்த விருதின் பக்கத்திலிருந்தும், நூலின் ஆண்டை நூலின் பதிப்புரிமைப் பக்கத்திலிருந்தும் எடுங்கள். பின்னட்டையிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம்.

பெயர், ஊர், கொடி

"ஆப்பிரிக்க எழுத்தாளர்" என்று தொடங்காதீர்கள். ஐம்பத்து நான்கு நாடுகள் இருக்கும் கண்டம் அது. "ஆசிய எழுத்தாளர்" என்று ஒருவர் நம்மைப் பற்றிக் குறிப்பெழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? நாட்டைச் சொல்லுங்கள், கதையில் எந்த மக்களின் மரபு வருகிறதோ அதையும் சொல்லுங்கள். தலாபி நைஜீரியர், மலேசியாவில் வாழ்ந்தார், பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். "ஆஸ்திரேலிய எழுத்தாளர்" என்று எழுதிவிடவும் கூடாது, வெளியில் இருக்கிறார் என்பதை மறைக்கவும் கூடாது. பெயரை எழுதும்போது ஏற்கெனவே தமிழில் நிலைபெற்ற வடிவம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். "வோலே" என்பது வோலே சோயிங்காவால் தமிழ் வாசகருக்குப் பழகிய பெயர்; நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

கதை வகையின் பெயரும் இப்படித்தான். ஆஃப்ரோஃப்யூச்சரிசம் என்ற சொல்லை 1990களில் மார்க் டெரி என்ற அமெரிக்க விமர்சகர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் படைப்புகளை வைத்து உருவாக்கினார். 2019இல் நெடி ஒகோராஃபோர், தன் எழுத்துக்கு அது பொருந்தாது என்று ஆஃப்ரிக்கன்ஃப்யூச்சரிசம் என்ற சொல்லை விளக்கி எழுதினார்: வேர் ஆப்பிரிக்கப் பண்பாட்டிலும் வரலாற்றிலும் தொன்மத்திலும் இருக்கும், மையத்தில் மேற்கு இருக்காது. மறு ஆண்டே தலாபி தன் தொகை நூலுக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். தமிழில் இரண்டையும் "ஆப்பிரிக்க எதிர்காலவாதம்" என்று ஒன்றாக்கிவிட்டால் அவர்கள் பிரித்த கோட்டை நாம் அழித்ததாகிவிடும். இரண்டு சொல்லையும் ஒலிபெயர்த்தே எழுதிவிட்டு, வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஒரு கதையையாவது திறந்து காட்டுங்கள்

ஆண்டும் விருதும் மட்டும் இருந்தால் அது குறிப்பு ஆகாது, ரேஷன் அட்டை ஆகும். இரண்டாம் பக்கத்தின் நடுவில் எட்டுப் பத்து வரிக்கு ஒரு கதையை வையுங்கள்.

நான் வைத்தது "தி ரெக்ரெஷன் டெஸ்ட்". மென்பொருள் வேலை செய்கிறவர்களுக்குத் தலைப்பே தெரியும்: நிரலில் புதிதாக எதையாவது மாற்றினால், பழையது இன்னும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை. கதையில் நூறு வயதைத் தாண்டிய மகளை அழைத்து உட்காரவைக்கிறார்கள். இறந்துபோன அவள் தாயின் நினைவுகளை வைத்து உருவாக்கிய ஓர் இயந்திர மனம் எதிரில் இருக்கிறது. அது இன்னும் தாயைப் போலத்தான் சிந்திக்கிறதா என்று மகள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் தாளில் எழுதினேன். மகள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, தன் மாமியாரின் குரல் பதிவை மூன்று ஆண்டுகளாகக் கைப்பேசியில் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, கதையை இரவே படித்து முடித்தேன் என்றார். குறிப்பின் வேலை அதுவரைதான்.

மனம் எந்தக் கதையில் நிற்கிறதோ அதை எடுங்கள். விருது பெற்றதாகவே இருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், 2021இல் கிளார்க்ஸ்வேர்ல்டு இதழில் வந்த "கமெண்ட்ஸ் ஆன் யுவர் ப்ரொவிஷனல் பேட்டண்ட் அப்ளிகேஷன் ஃபார் ஆன் எடெர்னல் ஸ்பிரிட் கோர்" என்ற கதையைத்தான் எடுத்திருப்பேன். ஒரு காப்புரிமை விண்ணப்பமும் அதன்மேல் போடப்பட்ட குறிப்புகளுமாகவே கதை நகர்கிறது. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பெழுதியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைப்பைத் தமிழ் எழுத்தில் எழுதினாலே இரண்டு வரி போய்விடுகிறது. நான்கு பக்கத்தில் அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

நாவலுக்கு நான்கு வரி போதும். "ஷிகிடி அண்ட் த ப்ராஸ் ஹெட் ஆஃப் ஒபாலுஃபோன்" 2023இல் அமெரிக்காவில் டா புக்ஸும் பிரிட்டனில் கோலான்ஸும் வெளியிட்ட நாவல். ஷிகிடி யொரூபா மரபில் தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி அமுக்கும் தெய்வம். நம் பாட்டிமார் சொன்ன அமுக்குவான் பேய்க்கு அங்கே ஒரு பங்காளி என்று வையுங்கள். அவன் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பித்தளைத் தலையைத் திருட வேண்டும். நைஜீரியாவின் இஃபே நகரில் 1938இல் வீடு கட்டத் தோண்டியபோது கிடைத்த உலோகத் தலைகளில் ஒன்று உண்மையாகவே அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது என்பதைச் சேர்த்தால், திருட்டு யாருடையது என்ற கேள்வியை வாசகரே கேட்டுக்கொள்வார்.

ஓர் இழையைத் தேடுங்கள்

எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகு நோட்டை மூடிவிடாமல் ஒரு முறை மேலிருந்து கீழே விரலை ஓட்டுங்கள். பல ஆண்டு இடைவெளியில் ஏதாவது ஒன்று திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

எனக்கு இது கிடைத்தது. 2016இல் "வெட்னஸ்டேஸ் ஸ்டோரி", அதாவது புதன் சொல்லும் கதை. வார நாட்களே கதைசொல்லிகளாக உட்கார்ந்திருக்கும் ஓர் இடம்; புதன் தன் முறைக்குக் கதை சொல்கிறது. கெய்ன் பட்டியலுக்குப் போனது இதுதான். 2023இல் "சாட்டர்டேஸ் சாங்", சனியின் பாட்டு. ஏழு ஆண்டு கழித்து அதே உடன்பிறப்புகளிடம் திரும்பி வந்திருக்கிறார், நெபுலா நாவலெட் பட்டியலுக்கு வந்தது அது. நடுவில் கதைத் தொகுதி, தொகை நூல், நாவல், ஊர் மாற்றம் எல்லாம் நடந்திருக்கிறது. புதனிலிருந்து சனிக்கு மூன்று நாள்தான். அவருக்கு ஏழு ஆண்டு ஆகியிருக்கிறது. ஷிகிடியும் அப்படியே, நாவல் ஆவதற்குப் பல ஆண்டு முன்பே ஒரு சிறுகதையில் நடமாடியவன். விருதுப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் இந்த இரண்டும் என் கண்ணில் பட்டிருக்காது. கடைசிப் பக்கத்துக்கு இவற்றை வைத்தேன்.

அச்சுக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். குறிப்பை ஒருவரிடம் கொடுத்து, எண்களை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அச்சகத்தில் நாங்கள் தேர்வுக் கால அட்டவணைகளுக்கு இப்படித்தான் செய்வோம். கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும், காது போகாது. எனக்கு இப்போது படித்துக் காட்டுகிறவர் அந்தக் கணக்கு ஆசிரியர்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை வருவார், இரண்டு தம்ளர் காபி, ஒவ்வோர் ஆண்டையும் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிப்பார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் "இந்தக் குறிப்பு இன்ன தேதி வரைக்குமானது" என்று போட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளர், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். என் நோட்டில் தலாபியின் இரண்டு தாளுக்கும் கீழே பத்துப் பத்து வரி காலியாக விட்டிருக்கிறேன்.